அரசு மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் 1 பாடப்பிரிவுகள்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் தனியார் பள்ளிகளின் விளம்பரப் பதாகைகள் தெருவெங்கும் நிறைந்துவிடுகின்றன. ஆனால் அதே ஊரிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் என்னென்ன பாடப்பிரிவுகள் உள்ளன, அவற்றை எவ்வாறு நடத்துகிறார்கள் என்பதை விசாரித்தறியும் பெற்றோர் மிகச் சிலரே. என் மகள் மாவட்டத் தலைநகர் ஒன்றிலுள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல், கணிதம் அடங்கிய முதல் பிரிவில் பிளஸ் 2 முடித்தாள். அண்ணன் மகள் அதே பள்ளியில் ஆடை வடிவமைப்புத் தொழிற்கல்விப் பிரிவில் படித்தாள். இருவரின் படிப்பையும் அருகிலிருந்து கவனித்தவன் என்ற முறையில், அங்கு ஒரு மாணவிக்கு உண்மையில் கிடைக்கும் கல்வியைப் பற்றி இங்கு எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோதே பொதுப் பாடப்பிரிவு, தொழிற்கல்விப் பிரிவு என்ற இரு கிளைகளும் வகுக்கப்பட்டன. இன்று இரண்டு மொழிப்பாடங்கள், நான்கு முதன்மைப் பாடங்கள் என ஆறு பாடங்களும், பாடத்துக்கு 100 வீதம் 600 மதிப்பெண்களும் என்பது பொது அமைப்பு. மாநிலப் பாடத்திட்டத்தின் முழுப் பட்டியலில் புள்ளியியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், புவியியல், அரசியல் அறிவியல், மனையியல், சிறப்புத் தமிழ் என்று நீண்ட வரிசையே இருக்கிறது. ஆயினும் ஒரு பள்ளியில் எவை நடக்கும் என்பதை அங்குள்ள ஆசிரியர் பணியிடங்களே முடிவு செய்கின்றன. நான் குறிப்பிடும் பள்ளியில் உயிரியல்-கணிதம், கணினி அறிவியல்-கணிதம், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக அமைந்த அறிவியல் பிரிவு, வணிகவியல் பிரிவு, ஆடை வடிவமைப்பு ஆகியவை உள்ளன. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு; ஆனால் எல்லாப் பிரிவுகளும் இரு வழிகளிலும் இல்லை என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்பள்ளியின் தலைசிறந்த பண்பு, பதினொன்றாம் வகுப்பைப் பதினொன்றாம் வகுப்பாகவே நடத்துவது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடங்களை ஓரிரு மாதங்களில் ஒப்புக்கு முடித்துவிட்டு, ஈராண்டுகளும் பிளஸ் 2 பாடங்களையே மனப்பாடம் செய்ய வைத்த வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். அதைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பிளஸ் 1 பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளின் வினாக்கள் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. அது ஒருபுறமிருக்க, பிளஸ் 1 இயற்பியலில் இயக்கவியலையும் வேதியியலில் அடிப்படைக் கணக்கீடுகளையும் கற்காத மாணவர், கல்லூரியின் முதல் பருவத்திலேயே திணறுவார். என் மகளின் இயற்பியல் ஆசிரியை வெக்டர் பகுதிக்கு மட்டும் பல வாரங்கள் ஒதுக்கினார். வகையீடும் தொகையீடும் கணித வகுப்பில் நடத்தப்படுவதற்கு முன்பாகவே இயற்பியலுக்குத் தேவைப்படும் என்பதால், அவற்றின் அடிப்படையைத் தாமே கரும்பலகையில் எழுதிக் கற்பித்தார். இத்தகைய நிதானம் பெருங்கட்டணம் வாங்கும் இடங்களில் அரிது. 2025-26 முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு கைவிடப்பட்டுள்ள நிலையில், மாணவர்களின் சுமை குறைவதை வரவேற்கிறேன் என்றாலும், இந்த ஓராண்டின் படிப்பு இனி ஆசிரியர்களின் மனச்சான்றை மட்டுமே நம்பி நிற்கும் என்பதில் எனக்குக் கவலை உண்டு. ஆகவே, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பதானாலும் பிளஸ் 1 பாடங்கள் முழுமையாக நடக்கின்றனவா என்பதையே முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

2018-19 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடநூல்களின் தரம் உயர்ந்தது; கனமும் அதிகம். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்பது பங்கீடு. இருபது மதிப்பெண்தானே என்று ஆய்வகத்தை ஆண்டிறுதிக்குத் தள்ளிவிடும் போக்கு பரவலாக உள்ளது. இங்கே வேதியியல் ஆய்வகம் ஆண்டு முழுவதும் இயங்கியது. உப்புப் பகுப்பாய்வையும் பருமனறி பகுப்பாய்வையும் மாணவிகள் தம் கைகளாலேயே செய்து பழகினர். கணினி ஆய்வகத்தின் நிலை அவ்வாறில்லை. பிளஸ் 1-இல் சி பிளஸ் பிளஸ், பிளஸ் 2-இல் பைத்தான் என்று பாடத்திட்டம் சரியான பாதையில்தான் செல்கிறது. ஆனால் ஒரு கணினியின் முன் பல மாணவிகள் அமரும்போது, விசைப்பலகையைத் தொடுபவள் ஒருத்தி, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மற்றவர்கள் என்றாகிவிடுகிறது. நிரல் எழுதுவது கைப்பழக்கத்தால் வருவது. நோட்டில் எழுதிப் படித்து வருவதன்று. கணினி அறிவியலை விரும்பித் தேர்ந்தெடுக்கும் மாணவிக்கு வீட்டிலோ நூலகத்திலோ ஒரு கணினி கிடைக்க வழியிருந்தால் மட்டுமே இப்பிரிவு முழுப் பயன் தரும்.

பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பதென்பது பிற்காலத்தில் எந்தெந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்வதாகும். பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஆகவே கணிதமில்லாத அறிவியல் பிரிவை எடுத்தவர் அந்தத் தரவரிசைக்குள் வர இயலாது. கணினி அறிவியல் எடுத்தவர் உயிரியல் இல்லாததால் மருத்துவத்தையும் அதைச் சார்ந்த பெரும்பாலான படிப்புகளையும் இழக்கிறார். இவ்வளவு முக்கியமான தேர்வு, சேர்க்கை நாளன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் உயர்கல்வி வழிகாட்டல் நடைபெறுவது உண்மையே. ஆனால் இப்பள்ளியில் அது மாணவிகளைச் சென்றடைந்தது பெரும்பாலும் பிரிவைத் தேர்ந்தெடுத்த பிறகுதான். பத்தாம் வகுப்பின் இறுதிப் பருவத்தில் பெற்றோரையும் உடன் அமர்த்தி விளக்கியிருந்தால், உயிரியலில் நாட்டமில்லாத பிள்ளைகள் பெற்றோரின் மருத்துவக் கனவுக்காக முதல் பிரிவில் சேர்ந்து ஈராண்டுகள் துன்புற்றிருக்க மாட்டார்கள்.

வணிகவியல் பிரிவைக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் புகலிடமாகக் கருதுவது நம்மிடமுள்ள பழைய நோய். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் ஆகிய நான்கும் சேர்ந்த இப்பிரிவு, இப்பள்ளியில் மிகச் சிறப்பாக நடக்கும் பிரிவு என்பது என் மதிப்பீடு. கணக்குப்பதிவியல் பாடநூல் டேலி மென்பொருள் வரை வருகிறது. பட்டயக் கணக்காளர் அடித்தளத் தேர்வை நோக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

தொழிற்கல்விப் பிரிவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அண்ணன் மகள் சேர்ந்தபோது உறவினர் பலரும் முகம் சுளித்தனர். ஆனால் ஈராண்டில் அவள் இழைகளை இனங்காணவும், உடல் அளவுகளைக் கொண்டு வடிவத்தாள் வரையவும், துணியை வீணாக்காமல் வெட்டவும், தைக்கவும் கற்றுக்கொண்டாள்; திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் மாதிரி தயாரிக்கும் பிரிவில் உடனே பயன்படும் திறன் இது. செய்முறை இங்கு தனிப் பாடமாகவே மதிப்பிடப்படுவதால், ஏட்டோடு நின்றுவிட வழியில்லை. அடிப்படை இயந்திரவியல், மின்னணுவியல் போன்ற பொறியியல் சார்ந்த தொழிற்பிரிவுகளில் படித்தோருக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனித் தரவரிசையும், பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எனக்குள்ள வருத்தம் வேறு. இதே பள்ளியில் முன்பு நடந்த மற்றொரு தொழிற்பிரிவு, அதன் ஆசிரியர் ஓய்வுபெற்றதும் நின்றுபோனது. கருவிகள் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பாடப்பிரிவின் ஆயுள் ஓர் ஆசிரியரின் பணிக்காலத்தோடு முடிந்துபோவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

சலுகைகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-இலும் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு, பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. பத்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் கட்டணம் செலுத்திப் படித்துவிட்டுப் பிளஸ் 1-க்கு மட்டும் இங்கு வருவோர் அதை எதிர்பார்க்கக் கூடாது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்திலும் பள்ளிப் படிப்பு குறித்த நிபந்தனை உண்டு.

முதல் பிரிவுக்கும் வணிகவியலுக்கும் ஆடை வடிவமைப்புக்கும் இப்பள்ளியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கணினி அறிவியலுக்கு, மேற்சொன்ன வசதி இருந்தால் மட்டும். சேர்க்கைக்குச் செல்லும் பெற்றோர் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நில்லாமல், விரும்பும் பிரிவின் நான்கு பாடங்களுக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா, அவற்றில் எவருக்கேனும் அவ்வாண்டு ஓய்வு வருகிறதா, வந்தால் மாற்று ஏற்பாடு என்ன என்பதைத் தலைமை ஆசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். நான் பார்த்தவரை, இக்கேள்விகளுக்கு அவர்கள் ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்கிறார்கள்.