மதுரையில் எடுத்த மூன்று கட்டிகள்

இந்த முறை மதுரைக்கு வந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்கைகளிலும் தொடைகளிலுமாக எனக்கு 17 கொழுப்புக்கட்டிகள். முப்பது வயதுக்கு மேல் ஒவ்வொன்றாக வந்தவை. அப்பாவுக்கும் உண்டு, பெரிய அத்தைக்கும் உண்டு. இங்கிலாந்தில் காட்டியபோது, ஆபத்தில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழகுக்காக என்றால் அங்கே அரசு மருத்துவத்தில் பொதுவாக எடுக்க மாட்டார்கள். எனக்கோ மேசையில் கை ஊன்றினாலே ஒன்று அழுத்தும்.

முதலில் போன கிளினிக்கில், கட்டியைக் கரைக்க ஊசி போடலாம், பத்து தடவை வரணும், மொத்தமாகக் கட்டினால் சலுகை என்றார்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்த அறுவை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கட்டியை விரலால் அழுத்தினார். தோலுக்கடியில் வழுக்கி நகர்ந்தது. "பரம்பரையா வர்றது தம்பி. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா, பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எடையைக் குறைச்சாலும் கரையாது. தொந்தரவு பண்றத மட்டும் எடுப்போம்" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அன்றே ஸ்கேன், மறுநாள் அறுவை. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, இரண்டு பக்கமும் அழுத்தினார். பலாச்சுளை நிறத்தில் முழுசாக வெளியே வந்தது. மூன்றை எடுத்துவிட்டு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று நீங்களே கேளுங்கள். என் பில்லில் அது இல்லை. கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது, வெறும் கொழுப்புதான். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். ஆகவே ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே செய்துகொள்வது நல்லது.

தையல் பிரிக்கப் போனபோது அப்பாவையும் கூட்டிப்போனேன். அவர் தொடையில் எலுமிச்சை அளவில் இருந்த கட்டி ஒரே வருடத்தில் ஆரஞ்சு அளவுக்கு வந்திருந்தது. 5 செ.மீ.க்கு மேல் போனாலோ, வேகமாக வளர்ந்தாலோ, கெட்டியாக இருந்தாலோ கட்டாயம் பார்க்கணும் என்றார் மருத்துவர். "நாப்பது வருஷமா இருக்கே" என்று அப்பா இழுத்தார். விடவில்லை. திங்கட்கிழமை எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப் போட்டுவிட்டேன்.