எஸ்இலினக்ஸா, அப்பார்மரா: ஒரே சர்வர் உள்ள ஆலைக்கு எது?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையோ ஓசூர் சிப்காட் பட்டறையோ, பில்லிங், ஸ்டாக், வெப்சைட் மூன்றும் ஒரே லினக்ஸ் சர்வரில் ஓடினால் இந்தக் கேள்வி முக்கியம். எஸ்இலினக்ஸும் அப்பார்மரும் எந்த சர்வீஸ் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸ் காவல் அமைப்புகள். வெப்சைட் வழியாக நுழைந்தவன் டேட்டாபேஸ் ஃபைல்களில் கை வைக்கக் கூடாது. சர்வீஸ் ரூட்டாகவே (முழு அதிகாரத்தோடு) ஓடினாலும் பாலிசியை, அதாவது அந்தக் காவல் விதிகளை, மீற முடியாது. இரண்டின் பலமும் அதுதான்.

சீசனில் டிஸ்க் நிரம்பி, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் டேட்டாவைப் புது டிஸ்க்குக்கு மாற்றுகிறீர்கள். ஓனர், பெர்மிஷன் எல்லாம் சரி. ஆனாலும் சர்வீஸ் எழும்பாது.

உபுண்டுவில் அப்பார்மர் ஃபைலின் பாதையைப் பார்க்கிறது. கர்னல் லாகில் 'டினைடு' என்ற வரியிலேயே எந்தப் பாதை என்று இருக்கும். மைஎஸ்கியூஎல்லின் லோக்கல் ப்ரொஃபைலில் (நம் விதிகளைச் சேர்க்கும் ஃபைல்) புது ஃபோல்டருக்கு ‘ஆர்’ (படிக்க), உள்ளிருப்பவை அனைத்துக்கும் ‘ஆர்டபிள்யூகே’ (படிக்க, எழுத, பூட்ட) என இரண்டு வரி சேருங்கள். ‘கே’ விட்டுப்போனால் மைஎஸ்கியூஎல்லின் ஸ்டோரேஜ் பகுதியான இன்னோடிபி ஃபைலைப் பூட்ட முடியாமல் நின்றுவிடும். ஒவ்வொரு வரியும் கமாவில் முடிய வேண்டும். பிறகு அப்பார்மர் பார்சரை ‘-ஆர்’ (சின்ன எழுத்து r) போட்டு ஓட்டுங்கள். லோக்கல் ஃபைலுக்கு அல்ல, மெயின் ப்ரொஃபைலுக்கு.

ராக்கி, அல்மா லினக்ஸ்களில் எஸ்இலினக்ஸ் பாதையைப் பார்ப்பதில்லை, ஃபைலில் ஒட்டிய லேபிளைப் பார்க்கிறது. ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ கொண்டு புது ஃபோல்டருக்கு ‘மைஎஸ்கியூஎல்டி_டிபி_டி’ வகையைப் பதிந்து, ‘ரீஸ்டோர்கான் -ஆர்வி’ ஓட்ட வேண்டும். அவசரத்தில் ‘சிஎச்கான்’ மட்டும் போட்டால் அப்போதைக்கு ஓடும். அடுத்த ரீலேபிளில் (லேபிள்களை மறுபடி ஒட்டும்போது) பழைய லேபிள் வந்து சர்வீஸ் மறுபடி படுத்துவிடும். நகர்த்தும் ‘எம்வி’ பழைய லேபிளையே தூக்கிவரும், நகலெடுக்கும் ‘சிபி’ போய்ச் சேரும் ஃபோல்டரின் லேபிளை எடுக்கும். ஹோம் ஃபோல்டரிலிருந்து எம்வி செய்த வெப் பக்கம் 403 (அனுமதியில்லை) காட்டுவது இதனால்தான்.

கற்க அப்பார்மர் சுலபம். ஆனால் உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்கு ப்ரொஃபைல் தானாக வருவதில்லை. வெளியுலகைப் பார்த்து நிற்கும் சர்வீஸே கட்டில்லாமல் ஓடும். ‘ஏஏ-ஸ்டேட்டஸ்’ பட்டியலில் அது இல்லையென்றால் காவலும் இல்லை. ப்ரொஃபைல் எழுதி ஏற்றினாலும், ஏற்கெனவே ஓடும் ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் அடங்கும். எஸ்இலினக்ஸில் வெப் சர்வர் முதல் நாளிலிருந்தே அடைபட்டிருக்கும். 8085 போர்ட்டைக்கூடச் சொல்லிக் கொடுத்தால்தான் திறக்கும். வெளியே தெரியும் வெப்சைட் இருந்தால் எங்கள் தேர்வு எஸ்இலினக்ஸ். உள் நெட்வொர்க்கில் டேட்டாபேஸ் மட்டும் என்றால் அப்பார்மர் போதும்.

சிக்கல் வந்ததும் ‘செட்என்ஃபோர்ஸ் 0’ போடாதீர்கள். சர்வர் முழுக்கக் காவல் போய்விடும். ‘செமேனேஜ் பெர்மிசிவ் -ஏ’ அந்த ஒரு சர்வீஸை மட்டும் தளர்த்தும், அப்பார்மரில் ‘ஏஏ-கம்ப்ளெயின்’. லாகைப் பார்த்துச் சரிசெய்த அன்றே திரும்ப இறுக்குங்கள்.