அட்டவணையில் ஒரு நடுக்கள வீரர்: டிரான்ஸ்ஃபர்மார்க்ட் சேவை பற்றிய மதிப்புரை

கால்பந்து வீரர் ஒருவர் எந்த ஆண்டு எந்தக் கிளப்பிலிருந்து எந்தக் கிளப்புக்கு எவ்வளவு தொகைக்குப் போனார் என்று தெரிந்துகொள்ள, இன்று பெரும்பாலோர் முதலில் திறப்பது டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தைத்தான். மத்தியாஸ் சைடல் 2000-இல் ஜெர்மனியில் தொடங்கிய இந்தத் தளத்தின் பெரும்பங்கு உரிமை 2008-இல் அக்செல் ஸ்ப்ரிங்கர் பதிப்பகத்திடம் போனது. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. கோல் அடிப்பவர்களுக்கு நன்றாகப் பொருந்தும் இந்த அட்டவணைகள், கோல் அடிப்பதை முதல் வேலையாகக் கொள்ளாத ஒரு நடுக்கள வீரருக்கு எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று பார்க்க, குரோஷியாவின் லூக்கா மோட்ரிச்சின் பக்கத்தை ஒரு மாலை முழுவதும் வரி வரியாகப் படித்தேன்.

கிளப் மாற்றங்களின் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பழையது அடியில் இருக்கும். இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பேன். டினாமோ சாக்ரெப் கிளப் அவரை 2003-இல் போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்தாருக்கும், அடுத்த ஆண்டு சாக்ரெப்புக்கு அருகிலுள்ள இன்டர் ஸாப்ரெஷிச்சுக்கும் இரவலாக அனுப்பியது. போனதற்கு ஒரு வரி, திரும்பியதற்கு ஒரு வரி. முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற போஸ்னிய லீக்கில் 18 வயதில் அந்தப் பருவத்தின் சிறந்த வீரராகத் தேர்வானதும், ஸாப்ரெஷிச் அணி குரோஷிய லீக்கில் இரண்டாம் இடம் பிடித்ததும் அந்த வரிகளில் இல்லை; ஆனால் வரிகள் இருப்பதால்தான் அவற்றைத் தேடிப் போகத் தோன்றுகிறது. செய்தித்தாள் சுருக்கங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக் கிளப்பான டாட்டன்ஹாமிலிருந்தே கதையைத் தொடங்கிவிடுகின்றன.

2008-இல் ஏறத்தாழ 1.65 கோடி பவுண்டுக்கு டாட்டன்ஹாம், 2012-இல் ஏறத்தாழ 3 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட், 2025-இல் தொகை ஏதுமின்றி ஏ.சி. மிலான் என்று பட்டியல் மேலேறுகிறது. எந்த இடத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதைச் சிறு மைதானப் படத்தில் குறித்துக் காட்டும் பகுதியும் பயனுள்ளது. டாட்டன்ஹாமில் தொடக்கக் காலத்தில் அவர் இடது ஓரத்தில் பல ஆட்டங்கள் ஆடினார் என்பதை மறந்தவர்களுக்கு அந்தப் படம் நினைவூட்டும்.

இனி என் குறை. இந்தச் சேவைக்குப் புகழ் தேடித் தந்தது அதன் சந்தை மதிப்பு. அது வாங்கிய விலை அன்று. உறுப்பினர்கள் விவாதித்து, பொறுப்பாளர்கள் முடிவு செய்யும் ஒரு கணிப்பு. மறுவிற்பனையை மனத்தில் வைத்துப் போடப்படுவதால், வயது ஏற ஏற அந்தக் கோடு இறங்கத்தான் செய்யும். உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டி'ஓர் விருதை மோட்ரிச் பெற்றபோது அவருக்கு வயது 33. 2022-லும் 2024-லும் மாட்ரிட்டுடன் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது முறையே 36, 38. கோடு பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளே ஆட்டம் கனிந்திருந்த ஆண்டுகள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலைக்கு மாட்டின் உழவு தெரிந்திருக்கும். இந்தக் கோட்டுக்கு அந்த அளவுக்குக்கூட ஆட்டம் தெரியவில்லை.

அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழிவகுத்த கடைசிப் பந்து, அதன் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. பெனால்டி வாங்கித் தந்தாலும் இந்தத் தளம் அதை அசிஸ்டாக எண்ணும் என்பதால், போட்டி அமைப்பாளர்களின் கணக்கோடு எப்போதும் ஒத்துப்போகாது. அது முறை வேறுபாடு, பொறுத்துக்கொள்ளலாம். பந்தின் தரம் கணக்கில் தெரியாததே சிக்கல். 2014-இல் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் கூடுதல் நிமிடங்களில் மோட்ரிச் அடித்த கார்னரை மாட்ரிட்டின் ராமோஸ் தலையால் முட்டி கோலாக்கினார். 2022 ஏப்ரல் 12 அன்று அதே போட்டியின் காலிறுதியில் செல்சி 3-0 என்று முன்னிலையில் இருக்க, மாட்ரிட் வெளியேறும் நிலையில், இடப்பக்கத்திலிருந்து வலது காலின் வெளிப்புறத்தால் அவர் வளைத்துத் தூக்கிய பந்து தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே போய், ஓடிவந்த ரோட்ரிகோவின் காலடியில் இறங்கி, தரை தொடும் முன்பே கோலானது. முன்னது நின்ற பந்து, பின்னது அந்தக் கணத்தில் பிறந்த பந்து. அட்டவணையில் இரண்டும் ஒன்று, ஒன்று.

காயப் பட்டியலை யாரும் அதிகம் பாராட்டுவதில்லை, நான் பாராட்டுவேன். 2014 நவம்பரில் தொடையில் ஏற்பட்ட காயம் அவரை மாதக்கணக்கில் வெளியே உட்கார வைத்தது. அந்தப் பருவத்தில் மாட்ரிட்டின் தொடர் வெற்றிகள் ஏன் நீடிக்கவில்லை என்று யோசிப்பவர், அணியின் முடிவுகளையும் இந்தத் தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அந்தக் காயம் இத்தாலிக்கு எதிராகக் குரோஷியா ஆடியபோது மிலான் நகரின் சான் சீரோ மைதானத்தில் நேர்ந்தது. பதினொரு ஆண்டுகளுக்குப் பின் அதே மைதானம் அவருக்குச் சொந்த மைதானமாயிற்று.

மாட்ரிட்டுக்காக 597 ஆட்டங்கள், 43 கோல்கள் என்ற எண்களை மட்டும் பார்த்துவிட்டு மூடுபவருக்கு இந்தத் தளம் பாதிதான் பயன்படும். கிளப் மாற்றப் பட்டியலுக்கும் காயப் பட்டியலுக்கும் முழு மதிப்பெண் தருகிறேன்; சந்தை மதிப்புக்கு, நடுக்கள வீரரைப் பொறுத்தவரை, தேர்ச்சி மதிப்பெண்கூடத் தர மனமில்லை. ஆர்வமுள்ளவர்கள் சட்டை எண்களின் பக்கத்தையும் ஒருமுறை திறக்கலாம். டாட்டன்ஹாமில் 14, மாட்ரிட்டில் முதலில் 19, ஹாமெஸ் ரோட்ரிகஸ் போன பிறகு 2017 முதல் 10. மிலானில் 10 ரஃபாயெல் லியாவோவிடம் இருந்ததால், அங்கே மறுபடியும் 14.