மழைக்கு டின் வாங்கி வைக்கிறவர்கள் ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை, பால் இல்லை. இரண்டாம் நாள் சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ள என் அத்தை பிஸ்கட்டிலும் ஊறவைத்த அவலிலும் நாளைக் கடத்தியதை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த மழைக்குள் அடுப்பு இல்லாமலே சாப்பிடக்கூடிய டின் சாமான் வாங்கி வைத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

2024 செப்டம்பர் கடைசியில் பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்தக் கடைக்குப் போனேன். கொண்டைக்கடலை, ராஜ்மா, ஸ்வீட் கார்ன், காளான், அன்னாசித் துண்டு என்று மொத்தம் 36 டின், 4,300 ரூபாய். “டேட் பாருங்க மேடம், ஒன்றரை வருஷத்துக்குக் கவலையே இல்ல” என்றார் கடைக்காரர். வெள்ளை ஸ்டிக்கரில் 2026 மார்ச் என்று பளிச்சென்று இருந்தது. பில் கேட்டேன். பில் போட்டால் விலை ஏறும் என்று சொல்லி, துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் நடுவில் ரெட் அலர்ட் என்றதும் ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த வாரம்தான் பரணிலிருந்து டின்களை இறக்கினேன். ஒரு காளான் டின் மேடையில் நேராக நிற்காமல் ஆடியது. அடிப்பக்கம் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போய், மறுபக்கம் ‘டொக்’கென்று எழும்பியது. சந்தேகம் வந்து ஈரத்துணியால் ஸ்டிக்கரைத் தேய்த்து நகத்தால் சுரண்டினேன். அடியில் கம்பெனி அச்சடித்த கறுப்புப் புள்ளி எழுத்து: 2024 பிப்ரவரி. நான் வாங்குவதற்கு ஏழு மாதம் முன்பே காலாவதி! மற்றவற்றையும் பார்த்தேன். சிலவற்றில் அதே பழைய தேதி. சிலவற்றில் தின்னரால் துடைத்த மாதிரி மைக்கறை மட்டும் இருந்தது.

தேதி தாண்டினால் ருசிதான் குறையும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். காளான், கடலை, சோளம் போன்ற புளிப்பில்லாத பொருளில், டின் சரியாக வேகாமலோ மூட்டு விட்டோ இருந்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் பாட்டுலினம் கிருமி விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் நரம்பைத் தாக்கும், மூச்சையே நிறுத்தும். வாடை, ருசி எதிலும் தெரியாமல் போகலாம். அதனால் உப்பிய டின்னைத் திறந்து மோந்து பார்க்கவோ, துளி நக்கிப் பார்க்கவோ கூடாது. இரண்டு கவரில் கட்டி, குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

கடைக்குத் திரும்பிப் போனேன். “டின் சாமான் கெட்டே போகாதும்மா. எங்க கடையில வாங்கினதுக்கு பில் இருக்கா?” இவ்வளவுதான் பதில்.

வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதி செய்தவர் பெயரும் உரிம எண்ணும் ஸ்டிக்கரில் வருவது வழக்கம், அதில் தப்பில்லை. தேதி மட்டும் ஸ்டிக்கரில் இருந்தால் வாங்காதீர்கள். டின்னின் மூடியிலோ அடியிலோ கம்பெனியே அச்சடித்த தேதியைத் தேடிப் பாருங்கள். நடு உடம்பில் லேசான ஒடுக்கு இருந்தால் பரவாயில்லை. விளிம்பு மூட்டிலோ பக்கவாட்டு மூட்டிலோ ஒடுக்கு விழுந்திருந்தால் வேண்டவே வேண்டாம். அப்புறம், அன்னாசி, தக்காளி மாதிரிப் புளிப்புச் சரக்கைக் குவிக்காதீர்கள். புளிப்பு டின்னை அரிக்கும், ஒன்றரை வருஷத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பயறு வகைகள் இரண்டு முதல் ஐந்து வருஷம் தாங்கும். அதுவும் வெயில் இறங்கும் மொட்டைமாடிக்குக் கீழ்ப் பரணில் வைத்தால் தாங்காது. நான் செய்த இன்னொரு தப்பு அது.

வெள்ளத்துக்காக வாங்குகிறோம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வளையத்தை இழுத்துத் திறக்கிற டின் வசதிதான். ஆனால் சாக்கடை கலந்த தண்ணீரில் அது மூழ்கிவிட்டால் தூக்கித்தான் போட வேண்டும், அந்த மூடியின் இடுக்கைச் சுத்தம் செய்ய முடியாது. ஓப்பனரால் வெட்டித் திறக்கும் முழு உலோக டின் என்றால், காகிதத்தைக் கிழித்துவிட்டு சோப்பால் கழுவி, பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுத்துப் பயன்படுத்தலாம். காகிதம் போனால் உள்ளே என்ன என்று தெரியாது. அதனால் வாங்கிய அன்றே பெயரையும் தேதியையும் அழியாத மார்க்கரால் டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் படங்களோடு புகார் அனுப்பியிருக்கிறேன். பில் இல்லாததால் என்னிடம் சாட்சி என்று இருப்பது அந்த டின்கள்தான். உப்பாத இரண்டு ஸ்வீட் கார்ன் டின்னை, ஒன்றில் ஸ்டிக்கரைச் சுரண்டியும் ஒன்றில் சுரண்டாமலும், ‘சாப்பிடக் கூடாது’ என்று எழுதி பால்கனியில் மூடி போட்ட வாளிக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஸ்டிக்கர் ஒட்டிய டின் இருந்தால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், ஒன்றையாவது திறக்காமல் எடுத்து வையுங்கள்.