கேசட்டா, வினைலா? எங்கள் முதல் வெளியீட்டுக்கு எதைத் தேர்ந்தோம்

எங்கள் ஆர்ட் பாப் (பரிசோதனை கலந்த பாப்) இசைக்குழுவின் முதல் ஈ.பி.யில் (ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீடு) நாலு பாட்டு, மொத்தம் 18 நிமிஷம். கேசட், சிடி, வினைல் இசைத்தட்டு மூன்றையும் யோசித்து, கடைசியில் 12 அங்குல வினைலில் 100 பிரதி அடித்தோம். 1991-ல் லண்டனின் ஸ்டீரியோலாப் குழு தன் முதல் வெளியீட்டைச் சொந்த லேபிளில் 10 அங்குலத் தட்டாகக் கொண்டுவந்தது. எனக்கு அந்த ஆசை ரொம்ப நாளாகவே உண்டு, மறைக்கவில்லை.

சிடியை முதல் நாளே கழித்துவிட்டோம். ஒலி சுத்தம்தான், ஆனால் கச்சேரியில் யாரும் கேட்டு வாங்குவதில்லை. பிளேயர் இல்லாதவர்கள்கூட பெரிய உறைக்காக வினைல் வாங்குகிறார்கள்.

செலவில் கேசட்டுக்கே வெற்றி. 50 பிரதி போதும் என்றாலும் பதிந்து தருவார்கள். வினைலில் மூலத் தட்டில் பள்ளம் வெட்டுவதற்கும், தட்டுகளை அழுத்தும் அச்சான ஸ்டாம்பருக்கும் ஆகிற செலவு, 100 அடித்தாலும் 300 அடித்தாலும் ஒன்றுதான். மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். எங்கள் டிரம்மர் கடைசிவரை கேசட் பக்கம்தான் நின்றார்.

என்னைத் திருப்பியது தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். அலமாரியின் அடி அறையில் அப்பாவின் கேசட்டுகளும், தாத்தா வாங்கிவைத்த சின்ன ஈ.பி. தட்டுகளும் ஒன்றாகவே ஊறின. மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கிய தட்டுகள் அவை.

கேசட்டுகளைப் பிரித்துக் காயவைத்தோம். பத்து நாளில் ஸ்க்ரூ துருப்பிடித்தது. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம். ஒன்றை ஓடவிட்டால் அந்தப் பொடி பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் போட்டோம்.

தட்டுகளின் உறைகள் கூழாகிவிட்டன. தட்டுகளை மட்டும் அம்மா குழாயடியில் வைத்து, பாத்திரம் விளக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய வேட்டித் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, பாத்திர ஸ்டாண்டில் நிறுத்திவைத்தார். நடுவிலிருக்கும் லேபிள் பிய்ந்துவிடும் என்று பயந்தேன். நிறம்தான் மங்கியது. அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லையாம். சூடான அச்சில் தட்டோடு சேர்த்தே அழுத்திவிடுகிறார்கள். கரண்ட் வந்த அன்று சுசீலாம்மா பாடினார், கொஞ்சம் கரகரப்போடு.

ஒலியைப் பற்றி ஒன்று. 12 அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுற்றினால், ஊசிக்கு அடியில் பள்ளம் ஓரத்தில் நொடிக்கு 51 செ.மீ. ஓடும், நடுவுக்குப் போகும்போது 21 தான். அங்கே உச்ச ஸ்வரங்கள் மழுங்கும். எங்கள் கடைசிப் பாட்டு கிசுகிசுப்பில் முடிகிறது. அதனால் 45 சுற்று வேகத்தில், பக்கத்துக்கு 9 நிமிஷம் வைத்து நடுப்பகுதியைக் காலியாக விட்டோம்.

வினைலுக்கு எதிரி வெயில். எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கும் தம்பியின் காசிமேட்டு வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அங்கே நிமிர்த்தி வைத்த எங்கள் தட்டுகள் நன்றாக இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் படுத்துக்கிடந்த இரண்டு வளைந்துவிட்டன. ஆனால் ஒரே ஒரு கத்திரி வெயிலைத்தான் பார்த்திருக்கிறோம், நாலைந்து வருஷம் தாங்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

வீடு மாடியில், தண்ணீர் ஏறாத தெருவில், கையில் காசும் குறைவு என்றால் கேசட்டே போடுங்கள். எங்களிடம் மிச்சமிருக்கும் 39 தட்டுகளையும் ஐப்பசி மழைக்கு முன்னால் அலமாரியின் மேல் அறைக்கு ஏற்ற வேண்டும்.