வீட்டுப் படமா, ரவிவர்மா படமா, ஏஐ படமா: சொந்தப் புத்தகத்துக்கு எந்த அட்டை?

செட்டிநாட்டுப் பக்கம் மணிவிழா, சதாபிஷேகம் என்றால் வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஒரு புத்தகமும் கொடுப்பதுண்டு. ஐயாவின் பர்மா நினைவுகள், ஆச்சியின் சமையல் குறிப்பு என்று ஏதாவது ஒன்று. இப்போது அதையே அமேசானின் கிண்டிலிலும் மின்னூலாக ஏற்றி விற்கிறார்கள். அட்டைப்படம் யாருடையது என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. இலவசமாகக் கொடுத்தபோதும் அந்தக் கேள்வி இருந்தது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கூகுளில் தேடி எடுத்த படத்தை இந்தப் போட்டியிலேயே நான் சேர்க்கவில்லை.

வீட்டையே படம் எடுப்பதுதான் என் முதல் தேர்வு. முகப்பு, பட்டாலை, வளவு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வேலைப்பாடு செய்த நிலைக்கதவு என்று அட்டைக்கு இங்கே பஞ்சமே இல்லை. கட்டடத்தைப் படம் எடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால் மட்டும் எல்லோருக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். அது சட்டத்துக்காக அல்ல, அடுத்த கல்யாணத்தில் முகம் பார்த்துப் பேசுவதற்காக.

காசு கொடுத்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுக்கே (17ஆம் பிரிவு). அவர் முன்பே எடுத்து வைத்திருந்த படத்தை வாங்கினால் கதை வேறு. அதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும். எப்படி எடுத்தாலும் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். டெமி அளவு (5.5 × 8.5 அங்குலம்) அட்டைக்கு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 1650 × 2550 பிக்சலாவது வேண்டும், ஓரம் வெட்ட 3 மி.மீ. தனி. போனில் பளபளக்கும் ஆத்தங்குடிப் பச்சை, அச்சு மையில் கொஞ்சம் மங்கித்தான் வரும். மாதிரி அச்சு பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

அடுத்தது, சுவரில் தொங்கும் பழைய படங்கள். ரவிவர்மா 1906இல் இறந்தவர். ஓவியர் இறந்து 60 ஆண்டுதான் உரிமை என்பதால் அவர் படங்களைத் தாராளமாகப் போடலாம். பக்கத்திலேயே மாட்டியிருக்கும் கொண்டையராஜு காலண்டர் படம் அப்படியல்ல. அவர் மறைந்தது 1976இல், கணக்குப்படி 2036 முடியும்வரை பொறுக்க வேண்டும். பிரேம் போட்டு நம் வீட்டில் மாட்டிவிட்டதால் உரிமை நமக்கு வந்துவிடாது.

இணையத்தில் உள்ள இலவசப் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் செட்டிநாட்டு வீட்டுப் படங்கள் நன்றாகவே கிடைக்கின்றன. விற்கவும் தடையில்லை, எடுத்தவர் பெயரையும் உரிம வகையையும் உள்ளே போட்டால் போதும். 'அதேபோல் பகிர்க' என்ற நிபந்தனை உள்ள படத்தை மாற்றி அமைத்தால் மட்டும், அந்த அட்டையையும் அதே உரிமத்தில் விட வேண்டியிருக்கும். அது பலருக்குப் பிடிப்பதில்லை.

ஏஐ படம் செலவில்லாதது, எனக்குப் பிடிக்காதது. செட்டிநாட்டு வீடு கேட்டால் பாதி கேரளம், பாதி ராஜஸ்தான் வருகிறது. கிண்டிலில் ஏற்றும்போது ஏஐ பயன்படுத்தினீர்களா என்று அமேசானும் கேட்கிறது. உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

எந்தப் படமானாலும் அதை அட்டையாக்க ஒரு வடிவமைப்பாளர் வேண்டும். நம்மவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். காசு கொடுத்துவிட்டோமே என்று எழுதி வாங்குவதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19ஆம் பிரிவு. மலேசியா, சிங்கப்பூர் சொந்தங்களும் வாங்கத்தானே கிண்டிலில் ஏற்றுகிறோம்? 'உலகம் முழுவதும், உரிமைக்காலம் முழுவதும், அச்சு, மின்னூல் இரண்டுக்கும்' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கூடவே பிடிஎஃப்போடு நிற்காமல் ஓப்பன் ஃபைலையும் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) வாங்கி வையுங்கள். இரண்டாம் பதிப்பில் பக்கம் கூடினால் புத்தக முதுகின் அகலமும் மாறும், அவரை மறுபடி தேட வேண்டியிருக்காது.