தூதர் எழுதிய நாவல்: அக்ரோபோலிஸில் ஆறு இரவுகள்

செஃபெரிஸ் என்றால் கவிஞர், 1963 நோபல், லண்டனில் கிரேக்கத் தூதராக இருந்தவர், அவ்வளவுதான் தெரியும். நாவலும் எழுதியிருக்கிறார் என்றதும் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப்பிடித்து வாங்கினேன். பழைய பிரதி, முதுகு பிய்ந்து வந்தது, சரி போகட்டும்.

1920களின் ஏதென்ஸ். ஒரு நண்பர் கூட்டம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அக்ரோபோலிஸ் ஏறுகிறது, அதாவது பழைய கோயில்கள் இருக்கும் ஏதென்ஸ் குன்று. பேச்சு, பேச்சு, மறுபடி பேச்சு, நடுவில் இரண்டு தடவை மூடிவைத்துவிட்டேன். ஆனால் அந்த நாயகன் ஸ்ட்ராடிஸ் இருக்கிறானே, சொந்த ஊரிலேயே விருந்தாளி மாதிரி திரிகிறவன், அவனை விட முடியவில்லை. செஃபெரிஸ் பிறந்தது ஸ்மிர்னா பக்கம், இன்றைய துருக்கியின் இஸ்மிர். 1922இல் அது கிரேக்கர்களின் கைவிட்டுத் துருக்கியர் வசம் போனது. அந்த வலி நிலா வெளிச்சத்திலும் தெரிகிறது.

அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1974இல்தான் அச்சேறியிருக்கிறது. முதலில் கவிதைகளைப் படியுங்கள், அப்புறம் இது.